ஃப்ரேமின் ஓரத்தில் நின்றவர்கள்

பிப்ரவரி 2, திங்கள்

பார்சல் வந்துவிட்டது. பஞ்சு உறையைப் பிரித்துக் குழலை வெளியே எடுத்ததும் செண்பகம் மதினி கேட்டாள்: "இதென்ன ஆவுடை, அம்மியில போட்டு அரைக்கலாம் போலுக்கு?" அந்தக் கனம்தான். அனமார்ஃபிக் அடாப்டர். சாதாரண லென்சுக்கு முன்னால் இதை மாட்டினால், பக்கவாட்டில் இருப்பதையெல்லாம் நெருக்கிப் பிடித்து உள்ளே திணிக்கும். பதிவாகும்போது எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். பிறகு எடிட்டில் அகலத்துக்கு இழுத்துவிட்டால் தியேட்டர் திரை போல நீண்ட படம் கிடைக்கும்.

சென்னையில் இத்தனை வருடம் எனக்குக் கிடைத்ததெல்லாம் கடை விளம்பரம். அதுவும் செல்போனில் பார்ப்பதற்காகக் குத்தாக எடுப்பது. புடவை கட்டிய பெண், தலை முதல் கால்வரை, முடிந்தது. இப்போதுதான் முதல் முழுநீளப் படம். இயக்குவது ஜெபசிங், என்னோடு கல்லூரியில் படித்தவன், நாசரேத்துக்காரன். காணாமல்போன புருஷனைத் தேடித் தேரிக்காட்டில் ஒரு பெண் நடக்கிறாள். கதை அவ்வளவுதான். "அகலமா வேணும் ஆவுடை. அவ்வளவு செம்மண்ணுக்கு நடுவுல அவ எறும்பு மாதிரி தெரியணும்" என்றான்.

படம் முடியும்வரை ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணன் வீட்டில்தான் இருக்கப்போகிறேன். அண்ணன் மினி பஸ் ஓட்டுகிறான். மதியம் சாப்பிட வந்தவன் நான் வாசல் நடையில் வைத்திருந்த பார்சல் பெட்டியில் இடறி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே நல்ல சிராய்ப்பு. மதினி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "நடையில ஒரு சாமான் வைக்கக்கூடாதுன்னு இந்த வீட்டுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா?" ஒரு அட்டைப்பெட்டிக்கு அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம். மதினி எப்போதுமே சுத்தம் பிடித்தவள்.

பிப்ரவரி 4, புதன்

முதல் நாள் படப்பிடிப்பு. தேரி முழுக்கச் சிவப்பு. நடுநடுவே பனை. அடாப்டர் ஒரு நூல் திரும்பி மாட்டியிருந்தாலும் தரை சாய்ந்துபோகும். அதனால் போன் டார்ச்சை எதிரே பிடிக்கச் சொன்னேன். அந்த வெளிச்சம் லென்சில் நீலக்கோடாக நீளும். கோடு மட்டமாக வரும்வரை திருகி, பிறகுதான் இறுக்கினேன். பிரின்ஸ் ஃபோகஸ் பார்க்கிறான். இதில் இரண்டு லென்சையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். முதலில் திணறினான், மத்தியானத்துக்குள் கை வந்துவிட்டது.

மெர்லின்தான் அந்தப் பெண்ணாக நடிக்கிறாள். நாகர்கோவிலில் நாடகம் போடுகிறவள். மணலில் வெறுங்காலோடு நடந்து நடந்து பாதம் பொரிந்துவிட்டது. ஒரு முனகல் இல்லை.

எனக்குச் சந்தோஷத்தில் பசிக்கவே இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று எடுத்ததை இழுத்துவிட்டுப் பார்த்தோம். மெர்லின் தூரத்தில் மேடேறி வருகிற ஷாட். இடது ஓரத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் எங்கள் புரொடக்‌ஷன் ஆள் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கிறார். அந்த ஒரு டேக்கில் மட்டும் என்றால் பரவாயில்லை. எல்லா டேக்கிலும் இருக்கிறார்! கடைசி டேக்கில் கையைத் துடைத்துக்கொள்கிறார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபா சிரிக்கவில்லை.

"நீ பாக்கலியா?"

"வெயில் மானிட்டர்ல நேரா அடிச்சுது. ஒண்ணும் தெரியல."

"ஹூடு போட்டிருந்தோமே ஆவுடை."

வெயில் மறைக்கிற அந்த ஹூடைச் சரியாகப் போடவில்லை என்றேன். பிரின்ஸ் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

பிப்ரவரி 7, சனி

சாயங்கால ஷாட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிச்சம் போதாது. ஜெபாவோ வானம் இப்போதுதான் அழகாக இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்தான். அவனுக்கு கேமராவைப் பற்றி என்ன தெரியும். காருக்குத் திரும்பும்போது பனங்கட்டை தட்டி விழப் பார்த்தேன். இந்த மாதிரி இடத்தில் விளக்கு இல்லாமல் எப்படி எல்லோரும் நடக்கிறார்களோ.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஓய்வு. இட்லிக்கு அரைத்தேன். மதினியின் கையிலிருந்த காப்பி டம்ளரைத் தட்டிவிட்டேன். இந்த வாரத்தில் இது முதல் தடவை இல்லை. அவள் திட்டவில்லை, என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

மத்தியானம் அண்ணன் வீட்டிலிருந்தான். சாயங்கால ட்ரிப்பை வேறொரு டிரைவருக்கு விட்டுக்கொடுத்து ரொம்ப நாளாகிறதாம். "எதுக்க வாரவன் லைட்டு கண்ணக் கூசுது. வயசாவுதுல்லா" என்றான். நாற்பதுகூட ஆகவில்லை இவனுக்கு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தது இவன்தான். கேமரா படிக்கப் போகிறேன் என்றபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வாயையும் அடைத்து என்னை ரயிலேற்றி விட்டவன். அவனுக்கு என் படத்தைக் காட்ட வேண்டும். லேப்டாப்பில் கொஞ்சம் காட்டினேன். தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாருக்குட்டி. நீளமாருக்கு" என்றான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கேமராவைத் தோளில் வைத்து எடுக்கும் ஷாட். மெர்லின் எனக்கு முன்னால் நடக்க வேண்டும், நான் பின்னால் போக வேண்டும். பிறகு நான் அவளை விட்டுவிட்டு இடது பக்கம் வேகமாகத் திரும்பி, வெறும் மணலைக் காட்ட வேண்டும். இப்படித்தான் ஒத்திகை பார்த்தோம். டேக்குக்கு முன்னால் ஜெபா ஏதோ மாற்றினான். நடந்து போகிறவள் நின்று, எனக்கு இடது பக்கமாகச் சுற்றி வந்து நிற்பாளாம். எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

திரும்பினேன். லென்சின் முன்பக்க இரும்பு வளையம் எதிலோ மோதியது. தேங்காயைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். மெர்லின் உட்கார்ந்துவிட்டாள். புருவத்துக்கு மேலே பிளந்திருந்தது. செம்மண்ணில் ரத்தம் விழுந்ததே தெரியவில்லை, அவள் உள்ளங்கையில்தான் தெரிந்தது.

"அவ குறுக்க ஓடி வந்துட்டா" என்றேன். பிரின்ஸ் என் தோளிலிருந்து கேமராவை வாங்கி மணலில் வைத்தான்.

நாசரேத்தில் தையல் போட்டார்கள். கண் தப்பித்தது. ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும் என்றார்கள். படுக்கையருகில் போய் மன்னிப்புக் கேட்டேன். மெர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நிக்கியது உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன் அக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்த கிளிப்பைப் போட்டேன். நான் திரும்புவதற்கு முன்னாலேயே அவள் ஃப்ரேமுக்குள் இருக்கிறாள். இடது ஓரத்தில், முகம் முழுதாகத் தெரிய, என்னையே பார்த்தபடி நிற்கிறாள். ஓடி வரவில்லை. எவ்வளவு நேரமாக நின்றிருக்கிறாள்! நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

லேப்டாப்பை மூடிவிட்டேன். இந்த லென்ஸ் அகலம் ஜாஸ்தி. கண்ணுக்குப் படாததெல்லாம் இதில் விழும். அதனால்தான்.

பிப்ரவரி 11, புதன்

ஜெபா வந்தான். சண்டை போடத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ரோட்டைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தோம். மெர்லினுக்குக் காய்ச்சல் இல்லை, ஒரு வாரத்தில் தையல் பிரித்துவிடலாம் என்றான். பிறகு பேச்சை நிறுத்திவிட்டான்.

"என்ன?" என்றேன்.

"இளநி."

"எங்க?"

அவன் பக்கம் திரும்பினேன். என் தோளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், இளநீரை நீட்டியபடி நின்றான். கை வலிக்கிற அளவுக்கு நேரமாக நீட்டிக்கொண்டிருக்கிறான் போல, மணிக்கட்டு ஆடியது.

"ஆவுடை, நாளைக்குத் திருநெல்வேலிக்குப் போவோம். கண்ணாடி போட வேண்டியிருக்கும் போல."

"பவர்தான் கூடியிருக்கும்" என்றேன்.

"ஆமா. பவர்தான்" என்றான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிப்ரவரி 12, வியாழன்

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்தேன். அந்தப் பொடி எழுத்தையும் வாசித்தேன். ஜெபாவைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா என்று சிரித்தேன்.

அடுத்து ஒரு இருட்டறை. வெள்ளைக் கிண்ணம் போல ஒரு மெஷின். தாடையை அதில் வைத்து, நடுவிலுள்ள புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். முதலில் சில மின்னின. அமுக்கினேன். பிறகு ஒன்றுமே இல்லை. காத்திருந்தேன். கழுத்து வலித்தது.

"சிஸ்டர், மெஷின் நின்னுட்டுது போல."

"இல்லக்கா, ஓடுது. நடுவுல பாருங்க."

"ஒண்ணும் வரலியே?"

அந்தப் பெண் தன் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்தாள். "வந்துக்கிட்டேதான்க்கா இருக்கு" என்றாள்.

வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அந்தக் கிண்ணம் முழுக்க வெளிச்சம் மின்னி மின்னி அணைந்திருக்கிறது. நான் இருட்டைப் பார்த்துக்கொண்டு, மெஷின் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரம்மா ஒரு தாளில் தோசைக்கல் அளவுக்கு வட்டம் போட்டார். "எல்லாருக்கும் இவ்வளவு தெரியும்." அதன் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இன்னொன்று. "உங்களுக்கு இவ்வளவு இருக்கு." ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்றார். விழித்திரை ஓரத்திலிருந்து வாடிக்கொண்டே நடுவுக்கு வருமாம். முதலில் மங்கல் வெளிச்சத்தில் தெரியாமல் போகும், பிறகு பக்கவாட்டு. மெதுவாகப் போவதால் ஆளுக்கே தெரியாதாம். பரம்பரையாக வருவது. மருந்து இல்லை. எவ்வளவு வருஷம் என்று சொல்ல முடியாது.

"அப்பா அம்மா சொந்தத்துலயா?"

"அம்மா, அப்பாவுக்கு அக்கா மக."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அண்ணன்."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. என்ன வேலை பாக்காங்க?"

மினி பஸ் ஓட்டுகிறான் என்றேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

துணி துவைத்தேன். காயப்போட்டேன். காய்ந்ததும் எடுத்து மடித்தேன்.

பிப்ரவரி 14, சனி

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பவர் கூடியிருக்கிறது, கண்ணாடி வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணனுக்கு இருக்காது. இருந்தால் இத்தனை வருஷம் எப்படி ஓட்டியிருப்பான்? ஒரு விபத்துகூட இல்லை. ஊரில் நல்ல டிரைவர் என்றால் இவன் பெயரைத்தான் சொல்வார்கள். அவன் இடறி விழுந்தது நான் பெட்டியை வைத்ததால். லைட் கூசுவது எல்லோருக்கும் உள்ளதுதான். லேப்டாப்பில் படத்தைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, படம் அவ்வளவு நீளம் என்பதால்.

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் ஜெபாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அண்ணன் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டு. நாசரேத் வரை.

கண்டக்டர் லிங்கம் டிக்கெட் கிழித்த நேரம் போக மீதியெல்லாம் டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால்தான் நிற்கிறார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பாட்டு என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"எடத்த ஆடு... வலத்த சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ள... எடத்த ஒண்ணுமில்ல அண்ணாச்சி, போலாம்... வலத்த ட்ராக்டர்..."

அண்ணன் முகத்தில் சலனமே இல்லை. நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். லிங்கம் சொல்லச் சொல்ல ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. ரேடியோ கேட்டுக்கொண்டு ஓட்டுகிறவன் மாதிரி இருந்தான்.

ஆழ்வார்திருநகரியைத் தாண்டியதும் ஒரு அம்மாளுக்கு லிங்கம் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு சந்திலிருந்து ஸ்கூட்டி வந்தது. "அண்ணாச்சீ!" என்று லிங்கம் அலறினார். பிரேக். நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். என் நெற்றி கம்பியில் இடித்தது. ஸ்கூட்டியில் ஒரு பெண், கால் இடுக்கில் கேஸ் சிலிண்டர், பின்னால் ஒரு குழந்தை. பம்பருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லை.

"சந்துக்குள்ளருந்து எப்படிப் பாஞ்சு வாரா பாரு" என்றான் அண்ணன். பஸ் முழுக்க அவனை ஆமோதித்தது. இவரா இருந்ததால நிறுத்துனாரு என்று ஒரு பெரியவர் சொன்னார்.

லிங்கம் எண்ணிய சில்லறை தரையில் சிதறிக் கிடந்ததை நான் பார்த்தேன். அந்த ஸ்கூட்டியை நானும் பார்க்கவில்லை. முன் சீட்டில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கென்றே ஏறி உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

மதியம் ட்ரிப்புக்கு இடையில் பஸ் வாய்க்கால் ஓரம் நிற்கும். சோற்றுத் தூக்குவாளியை நான் கொண்டுபோனேன். அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ண்ணே, எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு."

கை கழுவிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டான்:

"எவ்வளவு மிச்சம் இருக்காம்?"

அந்தக் கேள்வி எனக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரமானது. விஷயம் தெரியாதவனாக இருந்தால் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பான். எப்படி, எப்போது, எந்த டாக்டர் என்று பதறியிருப்பான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"சின்னவ பொறந்த வருசம். டிரைவருங்களுக்குன்னு கண்ணு கேம்ப் போட்டாங்க. தனியாக் கூப்பிட்டுச் சொன்னான்."

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

ஈரக் கையைத் துண்டில் துடைத்தான்.

"கேட்டாங்களாண்ணே?"

"கேட்டாங்க. தங்கச்சி இருந்தா கூட்டிட்டு வாங்கன்னாங்க."

அவனுடைய சின்ன மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அத்தனை வருஷம்! ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்திருக்கிறேன். வாராவாரம் போனில் பேசியிருக்கிறேன். கேமரா வாங்கினேன் என்றதும் என்ன கேமரா, எவ்வளவு தூரம் தெரியும் என்றெல்லாம் ஆசையாகக் கேட்டவன்.

"ஏண்ணே சொல்லல?"

"சொல்லி? நீ படம் எடுக்கணும், படம் எடுக்கணும்னு பறந்துக்கிட்டிருந்த. மருந்து கெடையாதுன்னுட்டான். மருந்து இல்லாத நோவச் சொல்லி உன்னய வீட்டுல உக்கார வைக்கவா? இருக்க வரைக்கும் ஆடட்டும்னு நெனச்சேன்."

"நான் ஒரு பொம்பளப் பிள்ள மூஞ்சியக் கிழிச்சிட்டேன்ணே. இந்தா, இத்தன பக்கத்துல நின்னா. நான் பாக்கல."

அவன் முகம் வெளுத்துவிட்டது. அதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"நீ பஸ்ஸு ஓட்டுதண்ணே."

"லிங்கம் இருக்கான்லா."

"நேத்து நானும் பஸ்ஸுல இருந்தேன்."

தூக்குவாளியை மூடி என் கையில் கொடுத்தான். "ட்ரிப்புக்கு நேரமாச்சு" என்று ஏறிவிட்டான். நாளைக்கு நீ வண்டியை எடுத்தால் முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னேன். என்ஜின் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. லிங்கத்துக்குக் கேட்டது.

பிப்ரவரி 18, புதன்

காலையில் பஸ்ஸை எடுத்துவிட்டான்.

நான் பஸ் முதலாளி வேலாயுதத்தின் அரிசி ஆலைக்குப் போனேன். நம்பவில்லை. அண்ணன் தங்கச்சிக்குள் சொத்துத் தகராறா என்று கேட்டார். லிங்கத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். முதல் ட்ரிப் முடிந்து பஸ் வந்து நின்றது. லிங்கம் உள்ளே வந்தார், என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

அண்ணன் பஸ் படியிலிருந்து இறங்கி வந்தான். சாவியை மேஜையில் வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. வெளியே போகும்போது நிலைப்படியில் தோள் இடித்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. எனக்குத் தட்டு வைக்கிறாள் மதினி. வைக்கிற சத்தத்தில் பிள்ளைகள் திடுக்கிடுகிறார்கள். அண்ணன் நாளெல்லாம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

இன்று மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"அந்த மனுசன் வண்டிய எடுக்கப் போற ஒவ்வொரு நாளும் வயித்துல தீயக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். போன் அடிச்சாலே கையி விட்டுரும். வீட்டுல ஒரு செருப்பு நடையில கெடக்க விடமாட்டேன். ரோட்ட யாரு ஒதுங்க வைக்க? நேத்துத்தான் கண்ண மூடித் தூங்குனேன்."

"மதினி..."

"ஆனா அதுக்காவ உன்ட்ட பேசிருவேன்னு நெனைக்காத. ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு நிக்கேன்."

நான் சென்னையிலிருந்து சாமான்களைக் காலி செய்து வந்து இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. என் பிழைப்பு என்ன ஆகும் என்றே எனக்குத் தெரியாதபோது அவளுக்கு எதைச் சொல்வது?

பிப்ரவரி 24, செவ்வாய்

ஜெபாவுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன், வேறு ஆளை வைத்துக்கொள் என்று. வீட்டுக்கே வந்து இழுத்துக்கொண்டு போனான். தோளில் கேமரா வேண்டாம், பிரின்ஸ் பிடிக்கட்டும், நீ ஃப்ரேம் சொல் என்றான். பரிதாபத்துக்குக் கூப்பிடாதே என்றேன். "மிச்சப் படத்த அந்த அடாப்டரத் தெரியாத ஒருத்தன்ட்ட குடுத்து நாசமாக்கச் சொல்லுதியா?" என்று கத்தினான். மெர்லின் கேரவன் மாதிரி ஆக்கியிருந்த ஆம்னி வேனிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, மெர்லின் வாறேன், உங்களுக்க எடது பக்கம்!" என்று அறிவித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றாள். புருவத்தில் தையல் தழும்பு. நான் அழுதேன். அவள் சிரித்தாள்.

மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, கோடிக்குக் கோடி கண்ணை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஓரத்தைப் பார்த்தால் மற்ற ஓரம் இல்லை. என்னால் முடியாது என்று எழுந்து, தண்ணீர் குடிக்கப் பனைமரத்தடிக்குப் போனேன். குடித்துக்கொண்டே திரும்பினேன். அத்தனை தூரத்திலிருந்து மானிட்டர் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் முழுதாகத் தெரிந்தது. இடது கோடியிலிருந்து வலது கோடி வரை. மெர்லின், மணல், பனை, வானம் எல்லாம் ஒன்றாக.

"பிரின்ஸ், அங்கனயே இரு! அசையாத! இடது கோடியில ஒரு ரிஃப்ளெக்டர் நீட்டிக்கிட்டிருக்கு, அத எடு!" என்று கத்தினேன். ஜெபா திரும்பிப் பார்த்தான். அங்கே நிஜமாகவே வெயிலைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் பலகை நீட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம்வரை பனைமரத்தடியிலிருந்து கத்தியே வேலை பார்த்தேன். தொண்டை போய்விட்டது.

மார்ச் 1, ஞாயிறு

அண்ணன் பேசினான். "அந்த டாக்டரம்மாட்ட என்னையும் கூட்டிட்டுப் போறியா?" அவ்வளவுதான். மதினி உள்ளே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது கேட்டது.

மார்ச் 3, செவ்வாய்

அதே இருட்டறை. அண்ணன் தாடையை வைத்து உட்கார்ந்தான். நான் கதவோரம் நின்றேன். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பொத்தான் அமுக்குகிற சத்தம் எப்போதாவதுதான் வந்தது. அவன் சிஸ்டரிடம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றும் வராதபோதும் அசையாமல் காத்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா என் தாளையும் அவன் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் கறுப்பு. என்னுடையது எலுமிச்சம்பழம் என்றால் அவனுடையது நெல்லிக்காய். என்னிடம் இருப்பதில் பாதிகூட அவனிடம் இல்லை. என்னிடம் இருப்பதை வைத்துக்கொண்டே நான் மெர்லின் நெற்றியைப் பிளந்தேன். இதை வைத்துக்கொண்டு அவன் ஆட்களை ஏற்றி, இறக்கி, ஒவ்வொரு நாளும்.

அண்ணன் தாளைக் கையில் எடுத்தான். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான்.

"இவ்வளவுதானா?"

டாக்டரம்மா தலையாட்டினார்.

"கேம்ப்புல சொன்னப்ப இன்னும் கூட இருந்துதும்மா. நான் நெறய பாக்கேன்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்." அவன் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. "அன்னைக்கு அந்த ஸ்கூட்டியில பின்னால ஒரு பிள்ள இருந்துதுன்னு லிங்கம் சொன்னான். நான் பிள்ளையவே பாக்கலட்டி ஆவுடை. நிப்பாட்டுனதுக்குப் பொறவும் பாக்கல."

அரசாங்கச் சான்றிதழ், வேறு வேலைக்கான பயிற்சி, கைத்தடி பிடித்து நடக்கப் பழகுவது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எத்தனை காதில் விழுந்ததோ.

வெளியே வந்தோம். பஸ் நிறுத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் வண்டிகள் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தன. ஒரு காலை இறக்கினேன். எங்கிருந்தோ ஹாரன் அலறியது. பின்னால் இழுத்துக்கொண்டேன். அண்ணன் தலையை இந்தப் பக்கம் முழுக்கத் திருப்பினான், அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பினான். அதற்குள் இந்தப் பக்கம் மாறியிருந்தது. எத்தனை வருஷம் ஓட்டிய ரோடு. அப்படியே நின்றோம்.

பக்கத்தில் ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு கடக்க நின்றிருந்தாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"யக்கா," என்றான், "எனக்கும் என் தங்கச்சிக்கும் கண்ணு சரியாத் தெரியாது. எங்கள அந்தப் பக்கம் கொண்டு விட்டுருதீயளா?"

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அண்ணன் மணிக்கட்டைப் பிடித்தாள். அண்ணன் என் கையைப் பிடித்தான். அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது.

"வாங்க," என்றாள் அவள். இறங்கினோம்.